பிழைத்தவரின் மூன்றாம் மாதம்

சிங்கப்பூரில் சிபிஆர் பயிற்சி நடத்தும் தமிழ் அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கும் தொண்டூழியர்களுக்கும்,



கோயில் மண்டபத்திலும் சமூக மன்றத்திலும் ஊழியர் தங்கும் விடுதியிலும், ஞாயிற்றுக்கிழமை ஓய்வை விட்டுக்கொடுத்து நீங்கள் நடத்தும் பயிற்சிகள் வீண்போகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி எழுதப்போவதில் ஒரு குறையும் இருக்கிறது. 2011-இல் இந்த ஊரில் மருத்துவமனைக்கு வெளியே இதயத் துடிப்பு நின்று விழுந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத்தான், ஆம்புலன்ஸ் வருமுன் யாராவது நெஞ்சை அழுத்தினார்கள். 2016-க்குள் அது பாதியைத் தாண்டிவிட்டது. நடுவில் நடந்தவை உங்களுக்குத் தெரிந்தவைதாம். 2012 முதல், அவசர எண் 995-இல் அழைப்பை எடுப்பவர் எங்கே கை வைக்க வேண்டும், எவ்வளவு வேகமாக அழுத்த வேண்டும் என்று தொலைபேசியிலேயே சொல்லித் தரும் முறை வந்தது. 2015-இல் குடிமைத் தற்காப்புப் படையின் மைரெஸ்பாண்டர் செயலி வந்தது; 400 மீட்டருக்குள் யாராவது விழுந்தால் பயிற்சி பெற்றவரின் கைப்பேசி ஒலிக்கிறது. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்குகளின் மின்தூக்கி அருகே, மின்னதிர்ச்சி கொடுக்கும் ஏஇடி பெட்டிகள் வந்தன. பலன் என்ன? பிறர் கண்முன் விழுந்து, மின்னதிர்ச்சியால் சீராக்கக்கூடிய துடிப்புக் கோளாறு உள்ளவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால், 2001 முதல் 2004 வரை நூற்றுக்கு 2.5 பேர் பிழைத்தார்கள். 2010 முதல் 2012 வரை 11 பேர். அதன்பின் அந்த எண் இன்னும் ஏறியது. ஒரு தலைமுறைக்குள் இப்படி ஒரு மாற்றம் நிகழ்ந்ததில் உங்கள் உழைப்புக்கும் பங்குண்டு.

ஆனால் இந்த எண்கள் எல்லாமே மருத்துவமனை வாசலோடு நின்றுவிடுகின்றன. உயிரோடு வீடு திரும்பினாரா, அல்லது 30 நாள் உயிரோடு இருந்தாரா என்பதுதான் உலகெங்கும் பதிவேடுகள் கேட்கும் கேள்வி. ஆம் என்று குறித்ததும் அந்தக் கோப்பு மூடப்படுகிறது. நாமும் அதே இடத்தில்தான் நிறுத்துகிறோம். பயிற்சி முடிவில் பொம்மையின் நெஞ்சில் பச்சை விளக்கு எரிந்தால் கைதட்டுகிறோம், சான்றிதழ் கொடுக்கிறோம், படம் எடுத்துக்கொள்கிறோம். துடிப்பு திரும்பிய அந்த மனிதர் மூன்றாவது மாதம் என்ன செய்துகொண்டிருக்கிறார், வேலைக்குப் போகிறாரா, மனைவியிடம் ஒரே கேள்வியை எத்தனை முறை கேட்கிறார், அந்த மனைவி இரவில் தூங்குகிறாரா என்பவை நம் பாடத்தில் இல்லை. நான் சொல்லவருவது இதுதான்: நெஞ்சை அழுத்தக் கற்றுக்கொடுக்கும் அமைப்புகளே, பிழைத்தவருக்கு அதற்குப் பின் வரும் மாதங்களைப் பற்றியும் கற்றுக்கொடுக்க வேண்டும். அதைச் செய்ய உங்களைவிடப் பொருத்தமானவர்கள் நம் சமூகத்தில் வேறு யாரும் இல்லை.

ஏன் என்பதற்கு உடலிலிருந்தே தொடங்குகிறேன். மாரடைப்பில் இதயத் தசைக்குப் போகும் ரத்தம் தடைபடுகிறது. நோயாளி பெரும்பாலும் நினைவோடு இருப்பார், வலிக்கிறது என்று சொல்வார். நாம் இங்கே பேசும் கார்டியாக் அரெஸ்ட் வேறு; அதில் இதயம் ரத்தத்தை அனுப்புவதே நின்றுபோகிறது. பத்து விநாடிக்குள் நினைவு தப்புகிறது. நான்கைந்து நிமிடங்களில் மூளை அணுக்கள் கெடத் தொடங்குகின்றன. மூளையின் எல்லாப் பகுதியும் ஒரே அளவுக்குத் தாங்குவதில்லை. புதிய நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதிதான் உயிர்வளிக் குறைவுக்கு முதலில் பலியாகும் பகுதிகளில் ஒன்று. அதனால்தான் பிழைத்து வந்தவருக்குப் பள்ளிக்கூட நாட்கள் நன்றாக நினைவிருக்கும், காலையில் யார் வந்து போனார்கள் என்பது இருக்காது. அதோடு கவனம் சிதறுவது, ஒரு வேலையைத் திட்டமிட்டு வரிசையாகச் செய்ய முடியாமல் போவது ஆகியவையும் சேர்ந்துகொள்கின்றன. 2009-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் அதுவரை வெளிவந்த 28 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். அவற்றில் முறை தவறாமல் செய்யப்பட்டவை என்று தேறியவை மூன்றே. அந்த மூன்றிலும் பிழைத்தவர்களில் 42 முதல் 50 விழுக்காட்டினருக்கு நினைவு, சிந்தனைக் குறைபாடு இருந்தது. ஏறத்தாழ இருவரில் ஒருவர்.

இது எப்படிப்பட்ட குறைபாடு என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது, அதுதான் சிக்கல். ரேஸ் கோர்ஸ் ரோட்டு உணவகம் ஒன்றின் சமையலறையை எண்ணிப்பாருங்கள். மதியக் கூட்டம். ஒரு அடுப்பில் மீன் தலைக் கறி கொதிக்கிறது, இன்னொன்றில் தாளிப்பு, நடுவில் ஆறு மேசைக்கான ஆர்டர். இருபது ஆண்டு அனுபவமுள்ள சமையற்காரருக்கு எந்தக் குழம்புக்கு என்ன அளவு என்பது கையிலேயே இருக்கிறது, அது போகவில்லை. போனது வேறு. புளி ஊற்றிவிட்டோமா, உப்புப் போட்டோமா, மூன்றாம் மேசைக்காரர் காரம் குறைவாகக் கேட்டாரா, இதை முடித்துவிட்டு அதைத் தொடங்குவதா என்ற ஓட்டம்தான் அறுந்திருக்கிறது. அவர் நடக்கிறார், சிரிக்கிறார், பழைய கதை பேசுகிறார். பார்ப்பவர்கள் ‘ஆள் நன்றாகத்தானே இருக்கிறார், மனசு வைத்தால் செய்யமாட்டாரா’ என்கிறார்கள். முதலாளிக்குக் கோபம் வருகிறது. அவருக்கே தன்மேல் கோபம் வருகிறது. சிராங்கூன் சாலைப் பணமாற்றுக் கடையில் நோட்டு எண்ணுபவருக்கும், நகைக்கடையில் எடை போடுபவருக்கும், பஃப்ளோ ரோட்டில் ஒரே நேரத்தில் நான்கு கல்யாண மாலைக்குக் கணக்கு வைத்திருப்பவருக்கும் இதே நிலைதான். இந்தக் குறைபாட்டைக் கண்டறிய, மாண்ட்ரியாலில் உருவாக்கப்பட்ட ஒரு பத்து நிமிடச் சோதனை உண்டு. ஐந்து சொற்களைச் சொல்லி, சற்று நேரம் கழித்துத் திரும்பக் கேட்பார்கள். கடிகாரம் வரைந்து மணி காட்டச் சொல்வார்கள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வார்கள். முப்பதுக்கு மதிப்பெண். தமிழிலும் அது இருக்கிறது. தாளும் பேனாவும் போதும். அதைச் செய்யாமல் அனுப்பிவிட்டால், அந்த மனிதர் சோம்பேறி என்றும் பொறுப்பில்லாதவர் என்றும் பெயர் வாங்குகிறார்.

நம்மிடம் இருக்கும் அளவுகோல்கள் இதைப் பிடிக்கத் தவறுகின்றன என்பதையும் சொல்ல வேண்டும். பிழைத்தவரின் மூளை நிலையை மருத்துவ ஆய்வுகள் ஐந்து படிகளில் குறிக்கின்றன. ஒன்று நல்ல நிலை, ஐந்து மரணம். இரண்டாவது படி மிதமான குறைபாடு. அன்றாடக் காரியங்களைத் தானே செய்துகொள்வார், பழைய வேலையை முன்போலச் செய்ய முடியாமல் போகலாம். ஆய்வுகளில் முதலிரண்டு படிகளையும் சேர்த்தே ‘நல்ல விளைவு’ என்று கணக்கிடுவது வழக்கம். நாம் பெருமையோடு சொல்லும் எண்ணிக்கைக்குள் மேலே சொன்ன சமையற்காரரும் இருக்கிறார். காப்புறுதி பக்கம் வந்தாலும் இதே கதைதான். கேர்ஷீல்டு லைஃப் திட்டத்தில் மாதத் தொகை பெற வேண்டுமானால், குளிப்பது, உடுத்துவது, உண்பது, கழிப்பறைக்குச் செல்வது, நடமாடுவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது ஆகிய ஆறில் மூன்றைப் பிறர் உதவியின்றிச் செய்ய முடியாதவராக இருக்க வேண்டும். கடுமையான உடற்குறைக்காக வகுக்கப்பட்ட திட்டம் அது, அந்த வரையறையில் தவறில்லை. ஆனால் இந்த ஆறையும் தானே செய்துகொண்டு, அடுப்பை அணைக்க மறப்பவரும், ஒரு மணி நேரத்துக்குமேல் விழித்திருந்து வேலை பார்க்க முடியாதவரும் எந்தப் பட்டியலிலும் இடம்பெறாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்.

களைப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் அதை யாரும் நோயாக எடுத்துக்கொள்வதில்லை. பிழைத்தவர்கள் பெரும்பாலும் முதலில் சொல்லும் குறையே இதுதான். தூங்கி எழுந்தாலும் தீராத களைப்பு. அரை மணி நேரம் நாலு பேரோடு பேசினால் அடுத்த அரை நாள் படுக்கை. மனக்கலக்கம், மனச்சோர்வு, விழுந்த நாளை எண்ணிப் பதறுவது ஆகியவையும் கூடவே வருகின்றன. சில ஆய்வுகளில் நால்வரில் ஒருவர்வரை அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோயின் அறிகுறிகளோடு இருந்தார்கள். நெஞ்சுக்குள் ஐசிடி கருவி பொருத்தப்பட்டவருக்கு இன்னொரு பயம் உண்டு. துடிப்பு தவறினால் தானே மின்னதிர்ச்சி கொடுத்துக் காப்பாற்றும் கருவி அது. எந்த நேரத்தில் உதைக்கும் என்று தெரியாமல், மாடிப்படி ஏறவும் தனியாகக் குளியலறைக்குப் போகவும் தயங்குபவர்கள் இருக்கிறார்கள்.

இனி, அதிகம் பேசப்படாத ஒருவரிடம் வருகிறேன். சிங்கப்பூரில் இப்படி விழுபவர்களில் பத்தில் ஏழு பேர் வீட்டில்தான் விழுகிறார்கள். ஆகவே நெஞ்சை அழுத்தும் கை பெரும்பாலும் முன்பின் தெரியாத ஒரு தொண்டூழியரின் கையாக இருக்காது. மனைவியின் கை, மகனின் கை, வீட்டுப் பணிப்பெண்ணின் கை. அதிகாலை மூன்று மணிக்கு, கைப்பேசியை ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு, 995-இல் இருப்பவர் எண்ண எண்ண, கணவரின் விலா எலும்பு முறியும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அழுத்திய பெண்மணிக்கு அதன்பின் என்ன ஆகிறது? கணவர் பிழைத்தால் ‘தாலி பாக்கியம்’ என்று ஊர் சொல்கிறது. பிழைக்காவிட்டால், இன்னும் கொஞ்சம் வேகமாக அழுத்தியிருந்தால் என்ற எண்ணம் அவரை ஆயுள் முழுக்க அரிக்கிறது. இரண்டு நிலையிலும் அவரை உட்காரவைத்து, நீங்கள் செய்தது சரி, விலா எலும்பு முறிவது சிபிஆரில் சாதாரணம், அது உங்கள் தவறில்லை என்று சொல்ல யாராவது வேண்டும். பிழைத்தவருக்கு அந்த இரவு நினைவிலேயே இல்லை. அவர் மூளை அதைப் பதியவில்லை. முழு இரவையும் நினைவில் சுமப்பவர் மனைவிதான். கணவர் குறட்டை விட்டால் நிம்மதி, குறட்டை நின்றால் எழுந்து மூக்கில் விரல் வைத்துப் பார்ப்பது என்று அவருடைய இரவுகள் போகின்றன.

இதற்கெல்லாம் வழியே இல்லையா என்றால், இருக்கிறது. அமெரிக்க இதயச் சங்கம் 2020-இல் தன் வழிகாட்டு நெறிகளைத் திருத்தியபோது, உயிர்காப்புச் சங்கிலியில் ஆறாவதாக ஒரு கண்ணியைச் சேர்த்தது. அவசர அழைப்பு, சிபிஆர், மின்னதிர்ச்சி, மேல்சிகிச்சை, துடிப்பு திரும்பிய பின்னான பராமரிப்பு ஆகிய ஐந்துக்கும் அடுத்து, மீண்டு வருதல். நாம் இன்னும் பல இடங்களில் பழைய சங்கிலிப் படத்தையே சுவரில் மாட்டிவைத்துப் பாடம் எடுக்கிறோம். 2021-இல் ஐரோப்பிய வழிகாட்டு நெறிகள் இதை இன்னும் திட்டமாகச் சொல்லின: மருத்துவமனையை விட்டு அனுப்புமுன் உடல், சிந்தனைத் திறன்களைச் சோதியுங்கள், மூன்று மாதத்துக்குள் மறுபடி வரவழைத்து நினைவாற்றல், மனநிலை, களைப்பு ஆகியவற்றைக் கேளுங்கள், குடும்பத்தாரையும் சேர்த்துக் கேளுங்கள். இவை வெறும் நல்லெண்ணத்தில் எழுதப்பட்டவை அல்ல. நெதர்லாந்தில் பிழைத்தவர்கள் 185 பேரையும் அவர்களைக் கவனித்துக்கொள்பவர்கள் 155 பேரையும் வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2015-இல் வெளிவந்தது. செய்தது பெரிய காரியம் அல்ல. பயிற்சி பெற்ற தாதி ஒருவர் வீடு திரும்பியவரைச் சீக்கிரமே சந்தித்தார். சிந்தனை, மனநிலைக் குறைகள் உண்டா என்று பார்த்தார். என்ன நடந்தது, இனி என்ன எதிர்பார்க்கலாம் என்று விளக்கினார். தேவைப்பட்டால் வேறு நிபுணரிடம் அனுப்பினார். மொத்தம் ஒன்று முதல் ஆறு அமர்வுகள். மூன்றாம் மாத முடிவில், அந்தச் சந்திப்புகள் கிடைத்தவர்களில் பாதிப்பேர் வேலைக்குத் திரும்பியிருந்தார்கள்; கிடைக்காதவர்களில் 21 விழுக்காட்டினர்தாம் திரும்பியிருந்தார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தபோதும் மனநிலையும் வாழ்க்கைத் தரமும் முதல் பிரிவினரிடம் மேலாக இருந்தன. கவனித்துக்கொள்பவர்களிடம் மட்டும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். குடும்பத்தாருக்கு வேறு விதமான துணை தேவை என்று அதைப் புரிந்துகொள்கிறேன்.

இந்த இடத்தில் உங்களில் பலர் எழுப்பக்கூடிய கேள்வி ஒன்று, நியாயமானது. ஆண்டுக்கு 3,000 பேருக்குக் குறையாமல் விழுகிறார்கள், அவர்களில் மிகப் பெரும்பாலோர் பிழைப்பதே இல்லை. முதலில் அவர்களைக் காப்பாற்ற ஆள் தேடுவோம், பிழைத்த சிலரைப் பற்றி அப்புறம் பார்ப்போம் என்பீர்கள். நம்மிடம் இருப்பது ஒரே ஞாயிற்றுக்கிழமை, ஒரே மண்டபம் என்பது உண்மைதான். ஆனால் பிழைப்பவர் சிலர் என்பதாலேயே அவர்களைத் தொடர்வது நம் சக்திக்குள் அடங்குகிற காரியம். அவர்களில் தமிழ்க் குடும்பங்கள் இன்னும் குறைவு. மேலும், அவர்களுக்கு என்ன வயது என்று பாருங்கள். 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வின்படி, முதல் மாரடைப்பு வந்த தெற்காசியர்களின் சராசரி வயது 53; மற்ற நாட்டவருக்கு ஏறத்தாழ 59. கார்டியாக் அரெஸ்டுக்கு முதன்மையான காரணமே இதய ரத்தக் குழாய் அடைப்புதான். சிங்கப்பூரில் 2026 ஜூலை முதல் ஓய்வு வயது 64, மறுவேலை நியமன வயது 69. ஐம்பத்து மூன்றில் விழுந்து பிழைத்த ஒருவருக்கு முன்னே பதினாறு ஆண்டுவரை உழைப்பு இருக்கிறது; பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளை இருக்கலாம், வீட்டுக் கடன் இருக்கலாம். இதையெல்லாம் விட்டுவிட்டு, உயிர் இருக்கிறதே போதும் என்று அவரிடம் சொல்ல நமக்கு உரிமை இல்லை.

பிழைத்தபின் மூளை பாதிக்கும் என்று சொன்னால் சிபிஆர் செய்யவே ஆள் பயப்படுவார்கள் என்ற கவலையும் உண்டு. ஆள் பிழைத்துப் படுத்த படுக்கையாகக் கிடப்பதைவிடப் போய்ச் சேர்வதே மேல் என்ற பேச்சு நம்மிடையே ஏற்கெனவே இருக்கிறது; அது அறியாமையில் பிறந்த பயம். உண்மையைச் சொல்வதுதான் அந்தப் பயத்துக்கு மருந்து. வீடு திரும்புகிறவர்களில் பெரும்பாலோர் நடக்கிறார்கள், பேசுகிறார்கள், தம் காரியத்தைத் தாமே பார்த்துக்கொள்கிறார்கள். டென்மார்க்கில் 2001 முதல் 2011 வரையிலான பதிவுகளைப் பார்த்ததில், விழுமுன் வேலையில் இருந்து பிழைத்தவர்களில் ஏறத்தாழ நான்கில் மூவர் வேலைக்குத் திரும்பியிருந்தார்கள். அது மட்டுமல்ல, நெஞ்சை அழுத்தத் தொடங்குவதில் ஏற்படும் ஒவ்வொரு நிமிடத் தாமதமும் மூளையைத்தான் தின்கிறது என்று தெரிந்தவர், தயங்காமல் சீக்கிரம் கை வைப்பார். மறுபக்கத்தில், முழுமையான மீட்சியைப் பற்றிய தவறான படமும் இருக்கிறது. 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகன் மைதானத்தில் விழுந்த கிறிஸ்டியன் எரிக்சன், ஐசிடி பொருத்திக்கொண்டு அடுத்த ஆண்டே இங்கிலாந்தில் பந்தாடியதை எல்லாரும் பார்த்தோம். அவருக்கு வயது 29. விழுந்த கணத்திலேயே மருத்துவக் குழு ஓடிவந்தது. ஏழு நிமிடம் யாரும் தொடாமல் கிடந்த ஐம்பத்தைந்து வயதுக்காரரிடம், அவர் ஆடினாரே, உன்னால் கடைக்கு வர முடியவில்லையா என்று கேட்பது கொடுமை.

இது மருத்துவர்களின் வேலை, நமக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாகப் பதில் சொல்கிறேன். சோதிப்பதும் சிகிச்சை தருவதும் அவர்கள் வேலைதான். அவுட்ரமில் தேசிய இருதய நிலையம் இருக்கிறது, நொவீனாவில் டான் டோக் செங் மருத்துவமனை இருக்கிறது, தேக்காவிலிருந்து நடந்து போகும் தூரத்தில் மிடில் ரோட்டு ஃபார்ச்சூன் சென்டரில் சிங்கப்பூர் இருதய அறநிறுவனம் இதய மறுவாழ்வுப் பயிற்சிகளை நடத்திவந்திருக்கிறது. 2023 ஜூலையில் தொடங்கிய ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தால் பலருக்கும் தமக்கென்று ஒரு குடும்ப மருத்துவர் இருக்கிறார். ஆனால் இதய மருத்துவரிடம் போகிறவர் நெஞ்சு வலியைப் பற்றித்தான் பேசுவார். பதினைந்து நிமிடச் சந்திப்பில் ஈசிஜி, ரத்த அழுத்தம், மாத்திரை என்று போய்விடும். மறதியைப் பற்றி அவர் வாய் திறக்கமாட்டார். தனக்கு மறதி இருக்கிறது என்பதே அவருக்கு மறந்துபோகலாம். அதைச் சொல்ல வேண்டியவர் மனைவி. ‘டாக்டர், இவருக்கு ஞாபகம் சரியில்லை, அதையும் சோதியுங்கள்’ என்று சொல்லலாம், சொல்ல வேண்டும் என்று அவருக்கு யாராவது முன்கூட்டியே தெரிவித்திருக்க வேண்டும். அந்த ஒரு வாக்கியத்தைக் குடும்பங்களிடம் கொண்டுசேர்ப்பது மருத்துவமனையைவிட உங்களுக்கு எளிது.

கடினமான மறுப்பு வேறொன்று. குறையை வெளியே சொன்னால் வேலை போய்விடும், அதனால் வாயை மூடிக்கொண்டிருப்பதே பிழைப்புக்கு நல்லது என்கிறார்கள். இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை, பாதிப் பதில்தான் இருக்கிறது. 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் வேலையிட நியாயச் சட்டத்தை நிறைவேற்றியது. உடற்குறை, மனநலம் ஆகிய காரணங்களுக்காகப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்க வகுக்கப்பட்ட சட்டம் அது. ஆனால் 25 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் நிறுவனங்களுக்குத் தொடக்கத்தில் அது பொருந்தாது. லிட்டில் இந்தியாவின் கடைகளில் எத்தனை கடைகளில் 25 பேர் இருக்கிறார்கள்? சட்டம் எட்டாத இடத்தில் முதலாளியின் மனசாட்சிதான் மிச்சம், அதனிடம்தான் நீங்கள் பேச வேண்டும். உங்கள் அமைப்புகளின் நன்கொடையாளர்களில் பலர் இந்தக் கடைக்காரர்கள்தாமே. முதல் மாதம் அரை நாள் வேலை, மதியத்தில் ஒரு மணி நேரம் படுக்க இடம், வாய்வார்த்தையாகச் சொல்லாமல் ஆர்டரை எழுதிக் கொடுப்பது, ஒரே நேரத்தில் இரண்டு வேலை கொடுக்காமலிருப்பது: இவற்றுக்கெல்லாம் பெரிய செலவில்லை. இருபது ஆண்டுக் கைப்பக்குவமுள்ள ஒருவரை இழந்து புதியவரைப் பழக்குவதைவிட இது மலிவு. சில வேலைகளுக்குத் திரும்ப முடியாது என்பதையும் மறைக்கக் கூடாது. ஐசிடி பொருத்தியவருக்குப் பேருந்து, லாரி போன்ற தொழில்முறை ஓட்டுநர் உரிமம் பல நாடுகளில் மறுக்கப்படுகிறது. ஓட்டுநர்கள் மருத்துவரைக் கேட்காமல் சக்கரத்தின் முன் உட்காரக் கூடாது. மறைத்து வேலைக்குப் போனவர் மூன்றாவது வாரத்தில் கணக்கில் தவறு செய்து, நம்பிக்கை மோசடி செய்தார் என்ற பழியோடு வெளியேறுவதைவிட, சொல்லிவிட்டு வேறு வேலைக்கு மாறுவது மேல்.

வேலை அனுமதியில் இருக்கும் ஊழியர்களின் நிலை இதைவிட மோசம். 2023 ஜூலை முதல், முதலாளி எடுக்க வேண்டிய மருத்துவக் காப்புறுதி ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளியாக உயர்ந்தது; முன்பு அது 15,000. உள்நோயாளி சிகிச்சையையும் ஒரு நாள் அறுவை சிகிச்சையையும் கட்டாயம் அடக்கும் காப்புறுதி அது. மாதக்கணக்கில் தொடரும் நினைவுப் பயிற்சியை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டதல்ல. உயிர் பிழைத்து, உடல் தேறி, வேலைக்குத் தகுதியில்லை என்று ஊருக்கு அனுப்பப்படுகிறவர் கையில் இருப்பது ஆங்கிலத்தில் ஒரு டிஸ்சார்ஜ் சம்மரி. புதுக்கோட்டையிலோ சிவகங்கையிலோ இருக்கும் குடும்பத்துக்கு, மனிதர் ஏன் இப்படிக் கோபப்படுகிறார், ஏன் எதுவும் நினைவில்லை என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். குடித்துக் கெட்டுப்போனார் என்றுகூட நினைப்பார்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் நீரிழிவு, ரத்த அழுத்த மாத்திரைகளும் இயன்முறை சிகிச்சையும் வீட்டு வாசலுக்கு வருகின்றன. அந்தத் திட்டத்தின் ஊழியரிடம் காட்டத் தமிழில் ஒரு பக்கக் கடிதம், மனைவிக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. விடுதிகளில் பயிற்சி நடத்தும் உங்களால் இது முடியும். அந்த ஊழியரின் பெயரும் ஊரும் உங்களுக்குத்தான் தெரியும்.

ஆகவே கேட்பது இவ்வளவுதான். அடுத்த பயிற்சிக்கு நிகழ்ச்சி நிரல் எழுதும்போது, கடைசி அரை மணி நேரத்தைப் பிழைத்தபின் வரும் மாதங்களுக்கு ஒதுக்குங்கள். ஆறு கண்ணிகள் உள்ள படத்தை மாட்டுங்கள். மறதி, களைப்பு, பதற்றம் வரலாம், வந்தால் அது நோயின் தொடர்ச்சி, மூன்று மாதத்துக்குள் மருத்துவரிடம் அதைச் சொல்லிச் சோதிக்கக் கேட்க வேண்டும் என்று தமிழில் ஒரு பக்கம் அச்சடித்து, சான்றிதழோடு சேர்த்துக் கொடுங்கள். உங்கள் பயிற்சியால் யாராவது பிழைத்தார் என்று தெரியவந்தால், பாராட்டு விழாவோடு விட்டுவிடாமல் மூன்றாவது மாதம் ஒருவர் அவர் வீட்டுக்குப் போய்வாருங்கள். போகும்போது அவரிடம் மட்டும் நலம் விசாரித்துவிட்டுத் திரும்பாதீர்கள். நெஞ்சை அழுத்தியவரிடமும் தனியாகப் பத்து நிமிடம் பேசிவிட்டு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் பயிற்சிகளின் பயனை நம்பும் ஒருவர்